குளிரில் தயங்கும் ஷட்டர்

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சார்ல்ஸ் டார்வின், கவிஞர் டெனிசன் ஆகியோரின் முகங்களைப் படமாக்கி உலகப் புகழ் பெற்ற பெண்மணி அவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அதனால் 1875இல் இங்கிலாந்தை விட்டு இந்தத் தீவுக்கே குடிவந்தார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியுள்ள படங்கள் முப்பதுக்கும் குறைவு.

அவருடைய கமராவில் ஷட்டரே கிடையாது. ஈரமான கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் நிறையத் தேவைப்பட்டது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றுவார், சில நேரம் நிமிடக் கணக்கில் காத்திருப்பார், மறுபடி மூடுவார். எதிரே இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவ்வளவு நீண்ட நேரத்தில் கை அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் படம் கெட்டுப்போகாது.

அவர் இறந்து ஆறு ஆண்டுகளில், 1885இல், கோச்சி (ரயில்) பாதை மலையகத்தின் நானுஓயாவை எட்டியது. அதே காலத்தில்தான் தொழிற்சாலையில் செய்து பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட உலர்ந்த ஜெலட்டின் தகடுகளும் உலகெங்கும் பரவின. நல்ல வெயிலில் அவற்றுக்கு நொடியின் சிறு பங்கே போதும். நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கை மனிதக் கையால் அளந்து திறந்து மூட முடியாது. அந்த வேலைக்கு ஒரு பொறி வேண்டியிருந்தது. ஷட்டர் அப்படித்தான் கமராவின் உறுப்பாயிற்று. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சுருள்திரை, மரப்பெட்டிக் கமராவில் ஒரே வேகத்தில் ஓடும் சுழல்தகடு என்று தொடங்கிய பொறி, சில பத்தாண்டுகளில் கைக்கடிகாரத்துக்கு இணையான நுட்பத்தை எட்டிவிட்டது.

நானுஓயாவுக்குள் நுழையும் கோச்சி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதில் ஒரு நொடிக்குள் அது 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். குறுக்கே நின்று எடுத்தால் படத்தில் பெட்டிகள் இழுபட்டுத் தெரியும். 250இல் ஒரு நொடிக்குள் அது நகர்வதோ மூன்று சென்ரிமீற்றர் சொச்சம்தான். ஜன்னலில் இருப்பவரின் முகம் தெளிவாக விழும். கமராவின் வளையத்தில் 30 என்றும் 250 என்றும் பொறித்திருக்கும் எண்களுக்கு இதுதான் பொருள். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டு அலமாரியில் கிடந்த கமராவில் 250 என்று வைத்தால் உள்ளே உண்மையில் 250தான் ஓடுகிறதா? தாத்தாவின் யாஷிகாவையோ சித்தப்பாவின் செனிட்டையோ தூசி தட்டி எடுத்து பிலிம் போடப் புறப்படும் இன்றைய இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பிலிமும் அதைக் கழுவும் செலவும் இன்று மலிவல்ல. ஒரு முழு ரோல் வீணான பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

பழைய கமராக்களில் ஷட்டர் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இதழ் ஷட்டர். மெல்லிய எஃகு இதழ்கள், பெரும்பாலும் ஐந்து, நடுவிலிருந்து விரிந்து திறந்து மறுபடி நடுவில் வந்து மூடிக்கொள்ளும். ரொலைஃப்ளெக்ஸ், ரொலைகோர்ட், யாஷிகா மாட் போன்ற இரட்டை லென்ஸ் கமராக்களிலும், துருத்தி வைத்த மடிப்புக் கமராக்களிலும் இருப்பது இதுவே. மியூனிக் நகரின் ஃப்ரீட்ரிக் டெக்கெல் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த கொம்பூர் இந்த வகைக்கே முன்மாதிரி ஆனது. அதற்கு முன்பு அதே நிறுவனம் செய்த கொம்பவுண்ட் ஷட்டரில் காற்றுக் குழலும் பிஸ்டனும்தான் நேரத்தை நிர்ணயித்தன. கொம்பூரில் அந்த வேலையைக் கடிகாரத்தில் இருப்பதுபோன்ற பற்சக்கரத் தொடர் ஏற்றுக்கொண்டது. ஜேர்மனியின் புரொன்டோர், ஜப்பானின் கோபால் எல்லாம் அதே வழியில் வந்தவை.

இரண்டாவது வகை, பிலிமுக்குச் சற்று முன்னால் ஓடும் திரை ஷட்டர். ரப்பர் பூசிய கறுப்புத் துணித் திரைகள் இரண்டு. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடும். 1925இல் லைப்ஸிக் வசந்தச் சந்தையில் அறிமுகமான லைக்கா, அதைப் பார்த்துச் சோவியத் நாட்டில் செய்த ஃபெட், சோர்க்கி, பிறகு வந்த செனிட் எல்லாம் இந்த வகை. இலங்கையின் பெருமைக்குரிய புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1930களில் ரொலைஃப்ளெக்ஸ், லைக்கா இரண்டையுமே கையாண்டவர்.

மலையகத் தமிழர் வாழ்வில் இந்தச் சிறு பொறிக்கு அழகுக்கு அப்பாற்பட்ட ஓர் இடம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எந்தப் பக்கம் போவதானாலும் விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். தோட்ட லயத்தை விட்டு டவுனுக்கு இறங்கி, ஸ்டூடியோவின் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த அந்தச் சிறு படம் இந்தியக் கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டு, நானுஓயாவிலும் ஹட்டனிலும் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்கள் வரை போயிருக்கிறது. பிரிவதற்கு முன் குடும்பமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படத்தை இரண்டு கரைகளிலும் இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஷட்டர் தாமதித்து முகம் கலங்கிப்போனால் இன்னொரு நாள் வேலையை விட்டு வர வேண்டும். அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாது. ஸ்டூடியோக்காரர் தன் கமராவின் ஷட்டரை அறிந்து வைத்திருப்பது தொழில் நேர்மையின் ஒரு பகுதியாக இருந்த காலம் அது.

இந்த மலைப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் ஷட்டர் சோதனையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்களும் உண்டு. சில கிலோமீற்றர் கீழே இருக்கும் நானுஓயாவிலும் மூடுபனிக்குக் குறைவில்லை. வெளிச்சத்தைக் கணிக்கப் பழைய படக்காரர்கள் வைத்திருந்த எளிய விதி ஒன்று: பளிச்சென்ற வெயிலில் லென்ஸின் துவாரம் 16, வேகம் பிலிமின் உணர்திறனைக் குறிக்கும் ISO எண்ணுக்கு அருகில். ISO 100 பிலிமுக்கு 125இல் ஒரு நொடி. கொழும்புக் கடற்கரையில் இது அப்படியே பொருந்தும். தேயிலை மலையில் மேகம் கனத்து இறங்கியிருக்கும் பிற்பகலில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துவாரத்தை 16இலேயே வைத்தால் வேகம் 15க்கு இறங்க வேண்டும், 8க்கு விரித்தாலும் 60க்கு மேல் போக முடியாது. ஸ்டூடியோவுக்குள்ளோ, தேயிலை ஸ்டோரின் உட்புறத்திலோ எடுப்பதென்றால் அரை நொடி, கால் நொடி வரை வரும். ஆக, இங்கே அதிகம் பயன்படுவது மெதுவான வேகங்கள்.

அந்த மெதுவான வேகங்களைத்தான் காலமும் குளிரும் முதலில் கெடுக்கின்றன. இதழ் ஷட்டரில் மிக உயர்ந்த வேகத்துக்கு வில்லின் விசை மட்டும் போதும். ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களுக்கு, இதழ்கள் திறந்தபின் மூடாமல் பிடித்து வைக்க அந்தப் பற்சக்கரத் தொடர் ஓட வேண்டும். ஒரு நொடியில் வைத்து அழுத்தினால் கேட்கிற 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் அதுதான். அந்தச் சக்கரங்களின் அச்சுகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொட்டு வைத்த எண்ணெய் இன்று பசையாகியிருக்கும். நுவரெலியாச் சமையலறைப் போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்பதுபோல, அந்தப் பசை குளிரில் இன்னும் இறுகும். கொழும்பில் மத்தியான வெப்பத்தில் சரியாக ஓடிய அதே ஷட்டர் நானுஓயா விடியலில் ஒரு நொடியை ஒன்றரை நொடியாக இழுக்கலாம், பாதியில் நின்றே போகலாம். அதனால் மலையகத்தில் கமரா வைத்திருப்பவர் 500இல் ஒரு நொடி ஓடுகிறதா என்று கவலைப்படுவதற்கு முன், 1, 2, 4, 8, 15 என்ற எண்களைச் சோதிக்க வேண்டும். அதையும் காலைக் குளிரிலேயே செய்ய வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை, காதே முதல் கருவி. ஒரு நொடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி அழுத்திக் கேட்டால் நீளம் தெரிந்துவிடும். இரைச்சல் சீராகத் தொடங்கிச் சீராக முடிகிறதா, நடுவில் திணறுகிறதா என்பதும் கேட்கும். பிறகு ஒவ்வொரு வேகமாக மேலே போக, ஒலியின் நீளம் படிப்படியாகப் பாதியாக வேண்டும். இரண்டு வேகங்கள் ஒரே மாதிரி ஒலித்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவு இதையே எண்ணாக்கித் தரும். ஷட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து, ஒலி அலையைத் திரையில் விரித்துப் பார்த்தால் திறக்கும் தட்டலும் மூடும் தட்டலும் தனித்தனி முகடுகளாக நிற்கும். இடைவெளியை அளந்தால் நேரம். பதினைந்தில் ஒரு பங்கு வரை இது நம்பகமானது, அதற்கு மேல் இரண்டு தட்டல்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தொலைபேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் மெதுவீச்சு வீடியோ இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, பின்னாலிருந்து படம் பிடிக்க வேண்டும். வெளிச்சம் தெரியும் சட்டங்களை எண்ணினால், முப்பதில் ஒரு நொடிக்கு எட்டு வர வேண்டும். அறுபதில் ஒரு நொடிக்கு நான்கு. அங்கே ஒரு சட்டம் தப்பினாலே கணக்கு கால் பங்கு பிசகும் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேல் வேகங்களுக்கு, பலர் தூக்கி எறிந்துவிட்ட ஒரு பொருள் உதவும்: படக்குழாய் வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி. இலங்கையிலும் இந்தியாவிலும் வந்த பெட்டிகளில் ஒளிக்கற்றை திரையின் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வரைய ஐம்பதில் ஒரு நொடி எடுக்கும். அதைவிடக் குறைந்த நேரம் திறக்கும் ஷட்டருக்குள் திரை முழுதும் அகப்படாது, ஒரு பட்டை மட்டுமே அகப்படும். இதழ் ஷட்டரில் 500இல் ஒரு நொடிக்கு அந்தப் பட்டை திரை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. 250க்கு ஐந்தில் ஒரு பங்கு. 125க்கு ஐந்தில் இரண்டு. பிலிமில் எடுத்தும் பார்க்கலாம், பின்கதவைத் திறந்து வேறொரு கமராவால் பிடித்தும் பார்க்கலாம். இன்றைய தட்டைத் திரைகள் இப்படி வரியாக வரைவதில்லை, அவை உதவா. கிராமபோன் தட்டும் ஒரு காலத்தில் இதற்குப் பயன்பட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டு நொடிக்கு 200 பாகை திரும்பும். அதன்மேல் ஒரு வெள்ளைக் கோடு ஒட்டிப் படமெடுத்தால், பத்தில் ஒரு நொடிக்கு அந்தக் கோடு 20 பாகை அகல விசிறியாக விழும்.

மின்வேலை தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இருக்கிறது. ஒளி பட்டால் மின்சாரம் கடத்தும் போட்டோ டிரான்சிஸ்டர் ஒன்றைக் கணினியின் மைக் துளையோடு இணைத்து, பிலிம் இருக்கும் இடத்தில் வைத்து, முன்னால் டோர்ச் அடிக்க வேண்டும். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தால் திறக்கும் கணத்தில் ஒரு முகடும் மூடும் கணத்தில் எதிர்த்திசையில் ஒரு முகடும் விழும். கணினி நொடிக்கு 44,100 முறை அளப்பதால் 500இல் ஒரு நொடிகூட 88 புள்ளிகளாக விரிந்து நிற்கும். சாதாரணத் தேவைக்கு இது தாராளம்.

எந்த வழியானாலும், ஒவ்வொரு வேகத்தையும் குறைந்தது ஐந்து முறை அளக்க வேண்டும். இந்த ஒரு விடயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஐந்து முறையும் ஒரே பிழை வந்தால், உதாரணமாக 30 என்ற குறியில் எப்போதும் இருபதில் ஒரு நொடி ஓடினால், அந்த ஷட்டர் நோயாளி அல்ல. அதன் வழக்கம் அது. ஒருமுறை 20, அடுத்து 28, அடுத்து 12 என்று அலைந்தால் உள்ளே அழுக்கோ பசையோ இருக்கிறது. இன்னொன்று: முதல் அளவைத் தனியே குறித்து வைக்க வேண்டும். முப்பது நாற்பது முறை அழுத்தியபின் பசை இளகிப் பல ஷட்டர்கள் நன்றாக ஓடத் தொடங்கும். ஆனால் கோச்சி வரும்போதோ குழந்தை சிரிக்கும்போதோ நாற்பது முறை அழுத்திப் பழக்க நேரம் இருக்காது. பிலிமில் பதிவாகப்போவது அந்த முதல் அழுத்தம்தான்.

பிழை எவ்வளவு வரை பொறுக்கலாம்? கறுப்பு வெள்ளை நெகட்டிவும் வண்ண நெகட்டிவும் வெளிச்சம் கூடுவதை நன்றாகத் தாங்கும். இரண்டு மடங்கு வெளிச்சம் விழுந்தாலும் நல்ல பிரதி எடுத்துவிடலாம். ஆகவே முப்பதுக்குப் பதில் இருபது ஓடுவது பெரிய குறையே அல்ல. ஸ்லைட் பிலிமில் அதே பிழை வெளுப்பாகக் கண்ணில் படும். 500 என்ற குறியில் 350, 400 அளவிலேயே நிற்கும் இதழ் ஷட்டர்கள் ஏராளம், அதற்காகத் திருப்புளியைத் தேட வேண்டாம்.

திருப்புளிக்கு முன் துப்புரவு. பழைய ஷட்டரில் தெரியும் பிழைகளில் பெரும்பாலானவை சரிசெய்ய வேண்டியவை அல்ல, சுத்தம் செய்ய வேண்டியவை. பசை இறுகிய ஷட்டரில் வில்லை முறுக்கி வேகத்தைக் கூட்டினால் அன்றைக்குச் சரியாகத் தெரியும். பசை இளகும் ஒரு வெயில் நாளில் அது எகிறி ஓடும், கூடுதல் விசையில் இதழ்களும் தேயும். சுத்தம் செய்து, அளந்து, அதன்பிறகும் பிழை நிலைத்திருந்தால் மட்டுமே சரிசெய்வதைப் பற்றி யோசிக்கலாம். நல்ல பழுதுபார்ப்பவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இதழ் ஷட்டரைச் சுத்தம் செய்ய, சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தா ஏற்றது. ஆவியாகும்போது கறை விடாது. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலம் விட்டுச் செல்லும், தின்னர் வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். தையல் மெஷின் எண்ணெயும் துருநீக்கித் தெளிப்பானும் இதழ்களின் எதிரிகள். இதழ்கள் முற்றிலும் உலர்வாக இருக்க வேண்டும், ஒரு துளி எண்ணெய் படிந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாப்தா எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் ஹீட்டருக்கும் எட்ட உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

முன் லென்ஸைக் கழற்றும் முன், அது எந்தச் சுற்றில் எங்கே நின்றது என்று பென்சிலால் குறி வைப்பது அவசியம். பல மடிப்புக் கமராக்களில் முன் கண்ணாடியைத் திருப்பித்தான் தூரம் குறிக்கப்படுகிறது. மரை மாறி ஏறினால் தூரத்து மலையே தெளியாது. முன் கண்ணாடியும் அதன் பின்னால் இருக்கும் பிடிவளையமும் வெளியே வந்தால், வேக வளையம் தெரியும். அதன் உட்புறத்தில் படிப்படியாக வெட்டிய பள்ளங்கள் இருக்கும். வளையத்தைத் திருப்பும்போது பற்சக்கரத் தொடரின் நெம்பு எவ்வளவு ஆழத்துக்கு உள்ளே போக வேண்டும் என்பதை அந்தப் பள்ளங்களே முடிவு செய்கின்றன. அவற்றை அரத்தால் தொடுவது கூடவே கூடாது. வெள்ளைத் துணி விரித்த தட்டத்துக்கு மேல் வேலை செய்தால் மயிரிழை வில்கள் துள்ளி விழுந்தாலும் கண்ணில் படும். ஒவ்வொரு கட்டத்திலும் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இருக்காது.

பற்சக்கரத் தொடர் தனிக் கட்டாக இரண்டு திருகுகளில் நிற்கும். அதைக் கழற்றி நாப்தாவில் அலசி, முழுவதும் உலரவிட்டு, அச்சு முனைகளில் மட்டும் கடிகார எண்ணெயை ஊசி நுனியால் தொட்டு வைத்தால் போதும். பல ஷட்டர்களில் அந்தத் திருகுகளைச் சற்றுத் தளர்த்தினால் கட்டு மயிரளவு நகரும். உள்ளே நகர்த்தினால் பற்கள் ஆழமாகக் கவ்வி நேரம் நீளும், வெளியே நகர்த்தினால் குறையும். மெதுவேகங்கள் எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு பிசகியிருந்தால் இதுதான் மருந்து. நகர்த்து, இறுக்கு, ஐந்து முறை அள. மறுபடியும் அப்படியே. பொறுமை உள்ளவர்களுக்கு இது ஒரு மாலைப் பொழுது வேலை.

திரை ஷட்டரின் கதை வேறு. 36 மில்லிமீற்றர் அகலச் சட்டத்தைத் திரை கடக்க அறுபதில் ஒரு நொடி எடுப்பதாகக் கொண்டால், 500இல் ஒரு நொடிக்கு இரண்டு திரைகளுக்கும் நடுவே நாலு மில்லிமீற்றர் சொச்ச அகலத்தில் ஒரு பிளவு ஓட வேண்டும். அந்தப் பிளவு சட்டம் முழுதும் ஒரே அகலத்தில் ஓடினால் படம் சீராக இருக்கும். முதல் திரை வழியில் தளர்ந்து, இரண்டாவது திரை அதை நெருங்கிவிட்டால் பிளவு ஒடுங்கும். படத்தின் ஒரு பக்கம் இருண்டுபோகும். நீல வானத்தையோ வெள்ளைச் சுவரையோ மேல் வேகங்களில் எடுத்துப் பார்த்தால் இது உடனே தெரியும். போட்டோ டிரான்சிஸ்டரைச் சட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் மாறிமாறி வைத்து அளந்தாலும் தெரியும். பழைய தொலைக்காட்சியின் முன் பட்டை சாய்வாக விழும். அது ஒரு முனையில் மெலிந்தால் அதே நோய்.

லைக்கா வழிவந்த கமராக்களில் அடித்தகட்டைக் கழற்றினால் ஒவ்வொரு திரைக்கும் ஒரு விசைத் திருகு தெரியும். அதைப் பார்த்ததும் கை பரபரக்கும், அங்கேதான் நிதானம் வேண்டும். இரண்டு திரைகளின் விசையும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓட வேண்டியவை. ஒன்றை மட்டும் முறுக்கினால் ஒரு வேகம் சரியாகி மூன்று வேகங்கள் கெடும். கால் சுற்று திருப்பினாலே விளைவு தெரியும். அளக்கும் கருவி கையில் இல்லாதவர் இந்தத் திருகுகளைத் தொடாமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை. நாப்தாவும் இங்கே ஆபத்து, துணியின் ரப்பர் பூச்சைக் கரைத்துவிடும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, திரைக்குப் பின்னால் சிறு டோர்ச்சைக் காட்டிப் பார்த்தால் ஊசித் துளைகள் நட்சத்திரமாகத் தெரியும். மலை ஈரத்தில் ரப்பர் வெடித்த திரைகளில் இவை சாதாரணம். லென்ஸ் மூடியில்லாமல் வெயிலில் வைத்த கமராக்களில், லென்ஸ் வழியே குவிந்த சூரியன் திரையைச் சுட்டுத் துளைத்த இடங்களும் உண்டு. நெகிழ்வான கறுப்புத் துணிப்பூச்சை மிக மெல்லியதாகத் தொட்டு ஓரிரு துளைகளை அடைக்கலாம். தடித்தால் திரை விறைத்து வேகமே மாறும். துளைகள் பெருகியிருந்தால் திரையை மாற்றுவதுதான் வழி.

பயன்படுத்துவோர் அறிய வேண்டிய சில பழக்கங்களும் உண்டு. சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கமராக்களில் ஷட்டரின் வில்லை முறுக்கி ஏற்றிய பிறகே வேக வளையத்தைத் திருப்ப வேண்டும். பழைய கொம்பூர் ராப்பிட்டில் இதற்கு நேர்மாறு: மிக உயர்ந்த வேகத்துக்குத் தனி வில் உண்டு என்பதால், ஏற்றுவதற்கு முன்பே அந்த எண்ணில் வைக்க வேண்டும், ஏற்றியபின் வற்புறுத்தினால் முறியும். தானாகப் படமெடுக்கும் சிறு நெம்பை, உட்புறம் சுத்தம் செய்யாத பழைய ஷட்டரில் தொடவே வேண்டாம். பசையில் அது பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இந்த ஷட்டர்களுக்குப் புதிய உதிரிப்பாகம் பெரும்பாலும் தயாராவதில்லை, இன்னொரு செத்த கமராவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

அளந்த எண்களை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கமராவோடு வைத்துக்கொள்வது, செலவில்லாத, ஆனால் பலரும் செய்யாத ஒரு வேலை. இடப்பக்கம் வளையத்தில் உள்ள எண், வலப்பக்கம் உண்மையில் ஓடும் எண். 30க்கு எதிரே 20, 60க்கு எதிரே 50, 250க்கு எதிரே 200 என்று இருந்தால், படமெடுப்பவர் துவாரத்தை அதற்கேற்பக் கால் படி முதல் அரைப் படி வரை குறைத்துக்கொள்வார். ஷட்டரைத் திறக்காமலேயே சரியான வெளிச்சம் கிடைத்துவிடும். சீராகப் பிசகும் ஷட்டருக்கு இந்த அட்டையே போதுமான சிகிச்சை என்று துணிந்து சொல்லலாம்.

மலையகத்தில் இரண்டு அட்டைகள் வைத்திருப்பது இன்னும் நல்லது: ஜனவரி விடியலில் அளந்தது ஒன்று, ஏப்ரல் வெயிலில் அளந்தது ஒன்று. கமராவைத் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஷட்டரை ஏற்றாத நிலையில் வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு நொடியிலிருந்து தொடங்கி எல்லா வேகங்களிலும் சில முறை ஓட்டிவிட்டு வைக்கலாம். அந்த முதல் ஒரு நொடியின் இரைச்சல் போன மாதத்தைவிட நீண்டிருந்தால், மறுபடி அளக்கும் நேரம் வந்துவிட்டது.